காப்பாளுக்குக் கட்டாய விடுப்பு

காலை ஏழு மணிக்குக் கேமரா முன் நின்று, "இருக்கேன், உசுரோடதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஆறு வருடமாக என் வேலையே இதுதான். மற்ற நேரத்தில் பொழுது போகாமல் சமையல்கூடத்தில் புகுந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருப்பேன்.

நான் செலஸ்டினா, தூத்துக்குடிக்காரி. இருப்பதோ எதிரி நாட்டின் கடற்படைத் தளத்தில். நடுக்கடல் தீவு; நாலு டிரோன் வந்தால் தூள்தூள். எந்தக் கவசமும் தாங்காது என்றான பிறகுதான் காப்பாள் ஒப்பந்தம் வந்தது. அவர்கள் தளத்தில் நம் ஆள் ஒருவர், நம் தளத்தில் அவர்கள் ஆள் ஒருவர். சொந்த ஆள் இருக்கும் இடத்தில் விழாதபடி டிரோன்களையும் ஏவுகணைகளையும் பூட்டிவிட்டார்கள். பீரங்கி மேடைகளில் இப்போது கோழி வளர்க்கிறார்கள்.

நேற்று எங்கள் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. அங்கே வெளியுறவைக் கொள்கைப்பொறி என்ற கணினிதான் பார்க்கிறது. எதற்கும் காரணம் சொல்லாது. "ஆறு வருடம் விடுப்பு எடுக்கவில்லை. நாளை முதல் கட்டாய விடுப்பு. மாற்று ஆள் இல்லை."

இந்தத் தளத்தின் தளபதி ஒரேன் வெளிறிப்போனார். காதிலிருந்த மொழிமாற்றி அவர் பேச்சை எங்கள் ஊர்த் தமிழாக்கித் தந்தது. "நீங்க போயிட்டா பூட்டு தெறந்துரும். நானூறு பேரு இருக்கோம். உங்க ஆளுங்க சண்டைக்கு அடி போடுதாங்களா?"

"அட போங்க! அந்தப் பொறிக்கு விடுப்புச் சட்டம் மட்டுந்தான் தெரியும். ஆனா தெறந்து கெடந்தா எவனாவது பொத்தான அமுக்கிருவான், அதான் பயம்." இத்தனை பேரும் என் கையால் சாப்பிட்டவர்கள்.

விடுப்பை எங்கே கழிப்பது என்பது என் விருப்பம். விண்ணப்பத்தில் இந்தத் தீவின் பெயரையே போட்டேன். பொறி விடவில்லை: எதிரி மண்ணில் தங்க அங்கே உறவினர் இருக்க வேண்டும், அவரும் கையெழுத்திட வேண்டும்.

ஒரேன் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று போட்டு நீட்டினேன்.

"எதிரி நாட்டுல அக்கா இருக்கான்னு எழுதிக் குடுத்தா எனக்குப் பதவி உயர்வே கெடையாதே," என்றார். சன்னல் வழியே, கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மாலுமிகளைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அரை நிமிடத்தில் பதில்: அனுமதி, நூற்றெண்பது நாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"தம்பின்னா நான் என்ன செய்யணும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா சொன்னா கேக்கணும். நான் லீவுல இருக்கேன்லா? மொதல்ல போயி அந்த மீனக் கழுவுலே."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனான்.