சத்தம் இறங்கும் பெட்டி

தொலைக்காட்சியில் ஓடிய படத்தில் கதாநாயகி வாயசைத்துக்கொண்டே இருந்தாள். சத்தம் மட்டும் இறங்கிப்போயிற்று. ஒரேயடியாக அறுந்துவிடவில்லை. நோயாளி கிடக்கும் வீட்டில் யாரோ இரண்டு விரல்களால் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகியைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பியதுபோல இறங்கியது. நவரட்ணராஜா கதிரையை விட்டு எழவில்லை. தன் கையால் செய்த சாமானில் பழுது இருக்கிறது என்பதை உடனே ஒப்புக்கொள்ளும் மனிதரல்ல அவர். மழை விட்டிருந்தது. தகரத்தின் விளிம்பிலிருந்து நீர் சொட்டும் ஒலியும் பெட்டிக்குள் சுழலும் சின்ன விசிறியின் இரைச்சலும் கேட்டன. விசிறியின் சூட்டோடு, தீய்ந்த பிளாஸ்திக்கின் மெல்லிய மணமும் வந்தது. சற்றுப் பொறுத்து, கீழே கேற்றின் கொளுக்கி தட்டுப்பட்டது.

"கவுத?" என்று அவர் மனைவி இரஞ்சிதம், யாரென்று சிங்களத்தில் கேட்டுக் குரல் கொடுத்தாள்.

வீட்டின் சொந்தக்காரியான சிங்கள நோனாதான். ஒரு தட்டில் கிரிபத், பாற்சோறு, கொண்டுவந்திருந்தார். அவர் தட்டைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிக் கேற்றைச் சாத்தியதும், சத்தம் இறங்கியது போலவே பக்குவமாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தது.

"திருகியில எங்கயோ ஈயம் சரியாப் பிடிக்கேல்ல," என்றார் நவரட்ணராஜா. யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

அந்தப் பெட்டி ஒரு காலத்தில், பிள்ளைகள் தொலைக்காட்சியோடு பொருத்தி விளையாடும் விளையாட்டுப் பெட்டியாக இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் கண்டியில் அப்படியொன்றைப் பார்க்கலாம். கறுப்பு உடல், முகப்பில் மரம்போன்ற பட்டை, மேலே வரிசையாக உலோகச் சுவிட்சுகள். அதன் குடலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளங்கை அகல மதர்போட் ஒன்றையும் மடிக்கணினியில் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கையும் உள்ளே வைத்து, வீட்டுக்குப் படமும் பாட்டும் காட்டும் கணினியாக்கியிருந்தார். ஒரு சுவிட்சைக் கழற்றிய துளையில் சத்தத்துக்கான திருகி இருந்தது. பல்லேகல தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த மின்பொறியியலாளர்கள் கடையில் டிவிடி பிளேயர் வாங்கினார்கள். அவர்களை அவர் பொறியியலாளர்கள் என்று சொல்வதில்லை. 'பல்பு மாத்திறவங்கள்' என்பார்.

பெட்டியை விற்றவர் கெலிஓயாவில் பழஞ்சாமான் கடை வைத்திருந்த ஜமால்தீன். ஒரு மூலை உருகி வழிந்து இறுகியிருந்ததைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்று நவரட்ணராஜா கேட்டபோது அவர் சிரித்தார்.

"சேர், பழசு எண்டா சுருக்கம் ஈக்கும்தானே. ஒங்கட மொகத்துலயும் ஈக்கிது, எண்ட மொகத்துலயும் ஈக்கிது."

"நெருப்புப் பட்ட சாமான் இது. எந்த வீட்டுச் சாமான்?"

"வீட்டுக்காரர் இல்லாத வீட்டுச் சாமான்." ஜமால்தீனின் சிரிப்பு அடங்கிவிட்டது. "எம்பத்தி மூணுல ரோட்டுல எறிஞ்சி கெடந்திச்சாம். எடுத்தவன் ஒரு நாளும் போட்டுப் பாக்கல்ல. அவன் மவுத்தானதும் மகன் கொண்டாந்து போட்டுட்டுப் போனான். வேணாம்னா வெச்சிட்டுப் போங்க சேர், நான் ஒண்ணும் சொல்லல்ல."

நவரட்ணராஜா எடுத்துக்கொண்டு வந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது அவர் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தவர். அடிபட்டவர்களைப் பற்றி அவரிடம் தெளிவான கருத்து ஒன்று இருந்தது. புத்தியுள்ளவன் முதலே போயிருப்பான். மற்றவர்கள் சாமான்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இதைக் கலியாண வீடுகளிலும் சொல்லுவார், வீட்டில் தீ வைக்கப்பட்டவர்களின் முகத்துக்கு நேரேயும் சொல்லுவார். உருகிய மூலையை அரத்தால் ராவி, பூச்சடைத்து, கறுப்பு மை பூசினார். மணம் மட்டும் போகவில்லை.

அந்த வீட்டில் நான்காவதாக யாரும் இல்லை. மூன்றாவதாக ஒருவன் இருந்தான். இருப்பதாகப் பொலிசுக்குத் தெரியாத ஒருவன். இரஞ்சிதத்தின் தம்பி பாலேந்திரன், கிளிநொச்சியில் கணித ஆசிரியன், சண்டை நெருங்கும் முன் எப்படியோ இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டான். தமிழ் வீடுகளில் தங்கும் ஒவ்வொருவரையும் பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்த பிறகு சோதனை இறுகியிருந்தது. கிளிநொச்சி விலாசம் போட்ட அடையாள அட்டையோடு அவனைப் பதியப் போனால், அவன் திரும்பி வருவான் என்று சொல்ல ஆளில்லை. ஒரு முகவர் அவனை நாட்டைவிட்டு வெளியே எடுக்க ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். அதுவரை பின்னறை. யாராவது வந்தால் சீலிங் பலகையை நகர்த்தி மேலே ஏறிக்கொள்ள வேண்டும்.

வந்த முதல் நாளே தபால்காரன் மணியடித்தபோது, அவன் பின்னறையிலிருந்து, "ஆரது?" என்று ஊர்க் குரலில் கேட்டுவிட்டான். கண்டியில் அந்த வருடங்களில் தமிழர் யாரும் கேற்றுக்குத் தமிழில் குரல் கொடுப்பதில்லை. குழந்தைகளுக்கே தெரியும். நவரட்ணராஜா அதை விடவே இல்லை.

"கணக்குப் படிப்பிச்சவராம். கேற்றடியில என்ன பாஷை கதைக்கிறதெண்டு தெரியாது. நீயெல்லாம் வன்னியில எப்பிடியடா உயிரோட இருந்தனி?"

"பழக்கம் அத்தான். வாயில வந்திட்டுது."

"என்ர வாயில இருபது வருஷமா வரேல்லயே."

பெட்டியின் குணத்தை முதலில் கண்டுபிடித்தவன் பாலேந்திரன்தான். ஆட்கள் வருமுன் அது இறங்கியது. பால்காரன், தண்ணீர் மானி பார்க்க வந்தவன், வழிதவறிய ஓட்டோ. நாய் குரைக்கும் முன், கொளுக்கி அசையும் முன், ஆள் வளைவில் திரும்பும் முன். போனதும் ஏறியது. அவன் அதை அக்காவிடம் மட்டும் சொன்னான். அக்கா புருஷனிடம் சொல்லவில்லை. ஆனால் சமைக்கும்போதும் பெட்டியைப் போட்டே வைத்தாள். பாட்டு ஓடும்வரை அவள் கை கரண்டியைப் பிடித்திருந்தது. பாட்டுத் தாழ்ந்தால் கரண்டி நின்றது.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் சத்தம் இறங்கியது. பாலேந்திரன் சாப்பாட்டுக் கோப்பையோடு எழுந்து போய்ச் சீலிங்குக்குள் ஏறிவிட்டான். பலகை சரியாகப் பொருந்தியபோது வெளியே பொலிஸ் ஜீப் நின்றது. சார்ஜன் அறை அறையாகப் பார்த்தார். கட்டிலின் கீழே பார்த்தார். பின்பு கூடத்தில் நின்று, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த படத்தையும் கறுப்புப் பெட்டியையும் பார்த்தார்.

"மேக்க மொக்கத?"

அது என்னவென்று நவரட்ணராஜா நல்ல சிங்களத்தில் விளக்கினார். அளவுக்கு மேல் விளக்கினார். சார்ஜன் பெட்டியின் மேல் கையை வைத்தார். உடனே எடுத்து, விரல்களை மூக்கில் வைத்து முகர்ந்தார். வந்ததைவிட விரைவாகப் போய்விட்டார்கள்.

ஜீப்பின் ஒலி தேய்ந்ததும் பாட்டு எழுந்தது. கீழே இறங்கிய பாலேந்திரன் பெட்டியின் முன்னே நின்றான். கோயில் வாசலில் நிற்பவனைப்போல நின்றான்.

"அதைக் கும்பிடப் போறியோ?" என்றார் நவரட்ணராஜா.

"அத்தான், இது இல்லாட்டி இண்டைக்கு..."

"இது ஒரு திருகி! கறல் பிடிச்ச ஒரு திருகி! ஈரக்காத்துக்கு அதின்ர தடை மாறுது. உனக்கு விளங்காது, நீ பள்ளிக்கூட வாத்தி."

"அப்ப பொலிஸ் வரேக்கயும் ஈரக்காத்துத்தானோ?" என்றாள் இரஞ்சிதம், அடுப்படியிலிருந்து.

திருமணமான இத்தனை வருடங்களில் அவள் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவருக்குக் காது சூடேறியது. தன் வீட்டில், தான் ஒட்டிய ஈயத்தில், தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று ஒரு வாத்தியும் ஒரு பெண்ணும் நம்புகிறார்கள். அன்றைக்கே அவர் பெட்டியைத் திறந்தார். திருகியைக் கழற்றி யன்னலுக்கு வெளியே எறிந்தார். இரண்டு கம்பிகளையும் நேரடியாகச் சேர்த்து ஈயம் வைத்தார். ஈயம் உருகிய புகை நேராக மேலே போகவில்லை. தரையோடு படர்ந்து, கதிரைகளின் கீழே தேங்கி நின்றது. அதை அவர் பார்த்தார். பார்த்ததாகச் சொல்லவில்லை.

"இனிக் குறையாது," என்றார். "குறைக்கிறதுக்கு இடமே இல்லை."

"அதைத் திரும்பப் போடுங்கோ," என்றாள் இரஞ்சிதம். "சொல்லிறதைக் கேளுங்கோ. அவன் போகுமட்டுமெண்டாலும்."

"உங்கட குடும்பத்துக்கு ஒரு பெட்டி சாத்திரம் சொல்ல வேணும் என்ன?"

மறுநாள் பொழுதுபட்டதும் அவர் இருவரையும் கூடத்தில் இருத்திப் படம் போட்டார். இது பாடம் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. திருகி இல்லாத பெட்டி முழுக்குரலில் அலறிற்று. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே மழைக்குப் பிந்திய தவளைகள் பள்ளம் முழுவதும் கத்திக்கொண்டிருந்தன. நோனாவின் வீட்டில் யாரோ தேங்காய் துருவினார்கள். தூரத்தில் குண்டசாலைப் பாதையில் ஒரு பஸ் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு ஒலியும் அதனதன் இடத்தில் இருந்தது. நவரட்ணராஜா கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

சத்தம் இறங்கியது.

மெல்ல. அதே இரண்டு விரல்கள். இல்லாத திருகியில்.

பாலேந்திரன் எழுந்தான். நவரட்ணராஜா அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"இரு."

"அத்தான், விடுங்கோ."

"ஆரும் வரேல்ல. நாய் குரைச்சுதோ? கேற் கேட்டுதோ? இரடா! இண்டைக்கு இதுக்கு ஒரு முடிவு பாப்பம்."

நாய் குரைக்கவில்லைதான். பாலேந்திரன் பாதி எழுந்தவன் மறுபடி இருந்தான். மூவரும் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. வளைவில் வெளிச்சம் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை. நவரட்ணராஜா சிரிப்பதற்கு வாயைக் கோணினார். அப்போதுதான் தவளைகள் நின்றுவிட்டதைக் கவனித்தார். துருவலை நின்றிருந்தது. தகரத்தில் சொட்டு இல்லை. பெட்டியின் விசிறி சுழல்வது தெரிந்தது, இரைச்சல் இல்லை. ஊர் முழுவதன் சத்தத்தையும் யாரோ திருகிக் குறைத்துவிட்டார்கள்.

மணம் வந்தது. தீய்ந்த பிளாஸ்திக் அல்ல. மண்ணெண்ணெய்.

படம் அணைந்தது.

கறுத்த தொலைக்காட்சிக் கண்ணாடியில் கூடம் தெரிந்தது. வளைந்து, சிறுத்து. மூன்று கதிரைகள். மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் வாசற்கதவு. அவரே தாழ்ப்பாள் போட்ட கதவு. கண்ணாடியில் அது திறந்திருந்தது.

வாசல் நிறைய ஆண்கள்.

தோளோடு தோள். ஒருவன் கையில் தகர டின். அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. ஆளில்லாத வீட்டைப் பார்ப்பதுபோல, மேலும் கீழும், சாவகாசமாகப் பார்த்தார்கள். ஒருவன் திரும்பிப் போகவும் தொடங்கியிருந்தான்.

கதிரைகளுக்கு முன்னால், தரையில், இரண்டு பிள்ளைகள். அவர் கண்ணை இறக்கித் தரையைப் பார்த்தார். தரை வெறுமையாக இருந்தது. கண்ணாடியில் இருந்தார்கள். அக்காவும் தம்பியும்போல. அக்கா தம்பியின் வாயைப் பொத்தியிருந்தாள்.

இரஞ்சிதத்தின் வாயையும் ஒரு கை பொத்தியிருந்தது. சிறிய கை. நகங்கள் கறுத்திருந்தன. பாலேந்திரனின் வாயிலும் ஒன்று. நவரட்ணராஜாவின் பிடிக்குள் அவன் மணிக்கட்டு விறைத்துக் குளிர்ந்தது. அவன் மூச்சு விடவில்லை. அவளும் விடவில்லை.

அவருடைய வாயை மட்டும் யாரும் பொத்தவில்லை.

அந்தப் பெண்பிள்ளை கண்ணாடிக்குள்ளிருந்து அவரை நேரே பார்த்தாள். தலையை ஆட்டினாள். வேண்டாம். மிக மெல்ல, திரும்பவும். வேண்டாம்.

ஒரு சின்னப் பெட்டை அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த நினைப்பு இன்னும் அவருக்குள் இருந்தது. அதற்கும் கீழே, இருபது வருடச் சிங்களத்துக்கும் இங்கிலாந்துக்கும் கீழே, வேறொன்று கிளம்பித் தொண்டைக்கு வந்தது. பல்லைக் கடித்தார். பல் நிற்கவில்லை.

"ஆரது?" என்றார் நவரட்ணராஜா.

அந்த வீட்டில் இருந்த ஒரே சத்தம் அதுதான்.

வாசலில் எல்லாத் தலைகளும் திரும்பின. திரும்பிப் போனவனும் திரும்பினான்.

பெண்பிள்ளை தம்பியின் வாயிலிருந்து கையை எடுத்தாள். மேலே நகர்த்தினாள். அவன் கண்களைப் பொத்தினாள்.