கறை இல்லாத இடத்தில் ஒரு சீட்டு

காலை ஒன்பது மணி. கோட் இருந்தது, மோதிரம் இல்லை.

மாப்பிள்ளை பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு வீடே அதிரக் கத்தினான். பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மோதிரத்தைப் பாக்கெட்டிலேயே வைத்துக் கோட்டை லாண்டரிக்கு அனுப்பிய புத்திசாலி அவனேதான். ஆனால் கோபம் மட்டும் லாண்டரிக்காரர் மேல்.

“அக்கா, நீ போலீஸ்தானே? அந்த ஆளைப் பிடிச்சு உள்ள போடு!”

சப்-இன்ஸ்பெக்டர் அக்கா அன்று காலைதான் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கியிருந்தாள். தம்பி கல்யாணத்தன்றாவது விசாரணை இல்லாமல் இருக்கலாம் என்ற ஆசையில் மண் விழுந்தது.

மாப்பிள்ளை கடைக்குப் போன் போட்டுக் கத்தியதில், லாண்டரிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மோதிரம் கிடைக்காவிட்டால் இன்றோடு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அம்மாதான் பாவப்பட்டு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். இடது கையில் பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ரப்பர் கையுறை.

“மோதிரத்தைப் பார்த்தீங்களா அண்ணே?” என்று கேட்டாள் அக்கா.

“பார்த்தேம்மா. காகிதத்துல சுத்தி, அதே பாக்கெட்டுல வச்சு, நேத்து சாயங்காலம் நானே கொண்டுவந்து குடுத்தேன்.”

“யார் வாங்கினது?”

“வாங்கி மாட்டப்பட்டது,” என்றார் அப்பா, தலை நிமிராமல். ஆயுசு முழுக்க அலுவலகக் கடிதம் எழுதியவர் வேறு எப்படிப் பேசுவார்? எதற்கும் முந்திக்கொண்டு கருத்துச் சொல்கிற மனிதர், இன்று பளபளவென்றிருந்த ஷூவுக்கு மறுபடி பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கோட்டைக் கையில் எடுத்தாள். கோட்டின் இடது கை நுனியில் ஊக்கு குத்திய லாண்டரிச் சீட்டு. ‘எவ்ரி எஃபர்ட் ஹேஸ் பீன் மேட்.’ கறையைப் போக்க எல்லா முயற்சியும் செய்யப்பட்டது! யார் செய்தார், என்ன செய்தார் என்று கேட்டால் சீட்டு வாய் திறக்காது. ஸ்டேஷனில் ‘தேடப்பட்டது’ என்று எழுதி எழுதி அவளுக்கும் கை தேய்ந்திருந்தது. தேடியவர் அப்போது டீக்கடையில் இருந்திருப்பார்.

“இதை எங்க குத்துவீங்க?”

“போகாத கறை மேலேயே குத்துவோம்மா. கஸ்டமர் கண்ணுல அதுதான் முதல்ல படணும். பின்னால சண்டை வராது பாருங்க.”

அக்கா சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். துணி சுத்தமாக இருந்தது. கோட்டின் வலது கையைத் திருப்பினாள். நுனியில் மிளகு அளவு நீல மைக்கறை, அதை ஒட்டி ஊக்கு குத்திய இரண்டு ஓட்டைகள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணே, நீங்க உக்காருங்க. திருட்டு லாண்டரியில நடக்கலை.”

“பின்ன?” என்றான் மாப்பிள்ளை.

“லாண்டரிக்காரங்க கை மாறிக் குத்த மாட்டாங்க. கோட் வீட்டுக்கு வந்தப்புறம் யாரோ சீட்டைக் கழட்டி, கோட்டைப் போட்டுப் பார்த்து, திருப்பிக் குத்தும்போது கையை மாத்திட்டாங்க. நேத்து நீ வீட்டுல இல்ல. இருந்தது ரெண்டே பேர்.” அக்கா திரும்பினாள். “அம்மா, பாத்திரம் எல்லாம் காஞ்சு கிடக்கு. அந்தக் கையுறை எதுக்கு?”

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. மெல்லக் கழற்றினாள். மோதிரம் விரலில் இறுகிக் கிடந்தது.

“சோப்பு போட்டும் வரலைடி.”

அப்பா தொண்டையைச் செருமினார். “அது வந்து... ஒரு ஆசையில... அணிவிக்கப்பட்டது.”

“அணிவிக்கப்பட்டதா?” அம்மா பொங்கிவிட்டாள். “எங்க கல்யாணத்துல கோட்டும் இல்ல, மோதிரமும் இல்ல. நேத்து இவர் கோட்டை மாட்டிக்கிட்டு, கண்ணாடி முன்னால என்னை நிறுத்தி, இவரேதான் போட்டுவிட்டார்! சொல்லுங்களேன்!”

“நான்தான் போட்டேன்,” என்றார் அப்பா. சொல்லும்போது அவர் முகத்தில் அசட்டுச் சிரிப்பும் கொஞ்சம் பெருமையும் இருந்தன.

சமையல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, அக்கா திருகித் திருகி மோதிரத்தை மீட்டாள். அம்மா வெறும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உனக்கு வேற வாங்கித் தரேன்,” என்று அப்பா அவள் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

மாப்பிள்ளை லாண்டரிக்காரர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “ஸாரிண்ணே, தப்பு நடந்துடுச்சு.”

“நடந்துடுச்சா?” என்றாள் அக்கா.

அவன் கைகூப்பினான். “நான்தான் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க அண்ணே. முதலாளிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். நீங்க கல்யாணத்துக்கு வரணும்.”

லாண்டரிக்காரர் கோட்டை வாங்கி உதறி, அவனுக்கு மாட்டிவிட்டார்.

“அந்த மைக்கறையை நான்தான் தேய் தேய்னு தேய்ச்சேன், போகலை மாப்ளே. பொண்ணு கையைப் பிடிக்கும்போது உள்பக்கமாத் திருப்பிக்குங்க, யாருக்கும் தெரியாது.”