மிதித்தும் விடாத கிளட்ச்

நெஞ்செலும்பு வலித்தது. கியர்பாக்ஸை ஆள் துணையில்லாமல் மார்பில் தாங்கித்தான் இறக்குவேன். அன்று மத்தியானத்துக்குள் இரண்டு முறை இறக்கி, இரண்டு முறை ஏற்றியிருந்தேன். பசித்திருக்க வேண்டும். தெரியவில்லை.

1971, ஆடி அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் என் மெக்கானிக் ஷெட்டைச் சுற்றிக் கேட்கும் தறிச் சத்தம் அன்று இல்லை. ஸ்பேனர் நழுவி விழுந்தால் தெருக்கோடிவரை கேட்டது.

காரைக் கொண்டுவந்தவன் தர்மன், பட்டுக்கடை முதலாளியின் டிரைவர். ஜெயிலிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. பாதிச் சம்பளத்துக்கு முதலாளி அவனையே திரும்ப வைத்துக்கொண்டார்.

"அர்ஜுனண்ணா, பழைய வியாதி. அடிவரைக்கும் மிதிச்சாலும் கிளட்ச் விடமாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா கரகரங்குது. மிதிச்சுக்கினு இருக்கும்போதே வண்டி நகருது."

"கிளட்ச் தட்டு தேஞ்சிருக்கும்டா."

"தேஞ்சது நான்தான். அது புதுசுணா, போன வாரம்தான் மாத்தினாங்க," என்று சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை.

பழைய வியாதி எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் முன்பு இதே கியர்பாக்ஸில் எண்ணெய் ஒழுகியது. ஆயில் சீல் மதராஸில்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் ஷெட்களில் கை துடைக்கப் பட்டுக் கழிவுதான் கிடக்கும். வெள்ளைக் கழிவை முறுக்கிக் கயிறாக்கி, ஒழுகிய இடத்தில் திணித்து அனுப்பினேன். அது அவிழ்ந்து ஷாஃப்டில் சுற்றிக்கொண்டது. மிதித்தாலும் கிளட்ச் தட்டு விலக இடமில்லை.

மறுவாரம் தெருவில் அரக்குச் சிவப்புப் பட்டு இழைகளைப் பாவாக நீட்டியிருந்தார்கள். தறி நெய்கிற கமலாட்சி சுவரோரம் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். வழி விடட்டும் என்று நின்ற தர்மன், கிளட்சை மிதித்தபடி கியரைப் போட்டான். காலை எடுக்கவில்லை. வண்டி தாவியது.

சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் அவள்.

அவள் சாவை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்குக் கார் பற்றித் தெரியாது. என்னையே பிரித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார். வெள்ளை நூலை வழித்தெடுத்து அடுப்பில் போட்டேன். மயிர் கருகிய வாடை வந்தது. கிளட்சில் பழுதில்லை, டிரைவர் கால் வழுக்கிவிட்டது என்று கையெழுத்துப் போட்டேன். வழக்கு இழுத்தடித்து, தர்மனுக்கு ஒன்றரை வருஷம் ஜெயில்.

அமாவாசையன்று காலை பிரித்தபோது ஷாஃப்டில் மறுபடியும் நூல்.

வெள்ளை இல்லை. அரக்கு. இழைமேல் இழையாக, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதுபோல ஒழுங்காகச் சுற்றியிருந்தது. பிளேடால் அறுத்தெறிந்துவிட்டு மாட்டினேன். கிளட்ச் விடவில்லை. திரும்பப் பிரித்தேன். அதே அளவு நூல்.

அறுத்து, மாட்டி, காருக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இறங்கிப் படுத்தேன். மிதியை அழுத்தினால் இரும்புக் கவை ஒன்று உள்ளே போய்த் தட்டை விலக்கும். அது எவ்வளவு போகிறது என்று பார்க்க மேலே ஓர் ஆள் மிதிக்க வேண்டும்.

"தர்மா, மிதி."

கவை உள்ளே போனது.

"விடு."

வெளியே வந்தது.

பிறகு நான் சொல்லாமலே போனது. வந்தது. போனது. வந்தது. அவசரமில்லாமல், ஒரே தாளத்தில்.

தறி மிதிக்கிற கால் அப்படித்தான் போகும்.

"இன்னாடா விளையாட்டு?"

"இன்னாணா?" பதில் எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்து வந்தது. "டீ சொல்லிக்கினு இருக்கேன். உனக்குச் சக்கரை வேணுமா?"

கவை நிற்கவில்லை. மயிர் கருகிய வாடை வந்தது. உள்ளிருந்து ஓர் அரக்கு இழை மெல்ல இறங்கி, வலிக்கிற நெஞ்சின்மேல் படிந்தது.

ஈரமாக இருந்தது.

எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்தது. படுத்தே கிடந்தேன்.

தர்மன் இரண்டு கையிலும் கிளாஸோடு வந்து பள்ளத்தோரம் குந்தினான். கவை நின்றது.

"ணா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீதான பிரிச்சுப் பாத்தே. நெசமாவே என் காலு வழுக்கிச்சா? தூக்கத்துலகூட மிதிச்சுக்கினே கிடக்குறேன். பொண்டாட்டி எழுப்பி எழுப்பித் திட்டுறா."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

நெஞ்சில் நூல் கிடந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஷெட் போகும், நானும் ஜெயிலுக்குப் போவேன்.

"வழுக்கிச்சுடா," என்றேன்.

டிரைவர் சீட்டில் யாருமில்லை. கவை கடைசிவரை உள்ளே போனது.

திரும்பி வரவில்லை.

முதலாளி வேறு கார் வாங்கிவிட்டார். இது என் ஷெட்டிலேயே நிற்கிறது. எட்டு முறை பிரித்துவிட்டேன். எட்டு முறையும் அரக்கு நூல். அமாவாசைக்கு ஊர்த் தறியெல்லாம் ஓய்ந்த பிறகு, காருக்குள் மிதி மட்டும் போய்ப் போய் வருகிறது. தர்மன் தெருவில் பார்த்தால் இன்னமும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான்.

அவன் கால் வழுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை அவனுக்கு நான் பாக்கி.