இன்னாசியின் இருபத்து மூன்று நிமிடங்கள்

வாயில் மூன்றாம் முறையும் சிவப்பு காட்டியது.

சலேத் மேரி பின்னால் வந்து, சால்வையை இறுக்கிக்கொண்டு, மறுபடியும் வளைவுக்குள் போய் நின்றாள். கண்ணெதிரே படங்கள் பறந்தன. மஞ்சள் கைப்பிடி, ஈரக் கல்தரை, கண்ணாடிக் கதவு, கதவுக்கு வெளியே பனி. மூக்கில் மீன் எண்ணெயும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை. நான்காம் முறையும் சிவப்புதான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தமில்லாமல் பக்கத்து வாயிலுக்கு மாறிக்கொண்டார்கள்.

நினைவுவாயிலுக்குக் காகிதம் எதுவும் தேவையில்லை. காகிதத்தைப் போலியாக அடிக்கலாம், முகத்தை மாற்றிக்கொள்ளலாம், கைரேகையைக்கூடப் பிரதி எடுத்துவிடலாம். ஆனால் பார்த்த இடத்தைப் பார்க்காததுபோல் மூளையால் நடிக்க முடியாது. ஊரின் துண்டுதுணுக்குகளை வாயில் வேகமாகக் காட்டும். எதற்கு மூளை துள்ளுகிறது, எதற்குச் சும்மா இருக்கிறது என்று பார்த்து, அதை அவரவர் பெயரில் பதிந்துவைக்கும். புதிதாக வருபவருக்கு எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். ஹெல்மார் தீவு பாஸ்போர்ட்டை ஒழித்துவிட்டு இந்த வாயிலை நிறுவி ஏழு வருடமாகியிருந்தது. இதுவரை ஒருவரும் அதை ஏமாற்றியதில்லை என்று விமானத்திலேயே பெருமையாக அறிவித்தார்கள்.

சலேத் மேரிக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லை. அவளுக்கு மாலை நான்கு மணிக்குள் குளிர்கிடங்குக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். நான்கு வருடத்துக்கு முன் கடலடிச் சுரங்கம் இடிந்தபோது உள்ளே சிக்கிய பதினொரு பேரில் அவள் கணவன் இன்னாசியும் ஒருவன். அந்தப் பகுதியை அப்படியே அடைத்துவிட்டார்கள். போன மாதம்தான் திறந்து, குளிரில் கெடாமல் கிடந்த உடல்களை எடுத்தார்கள். முப்பது நாளுக்குள் உறவினர் நேரில் வந்து ஒப்புக்கொள்ளாவிட்டால் அரசே கடலில் இறக்கிவிடும். இன்று முப்பதாவது நாள். புயலென்று விமானத்தை வேறு ஊரில் இறக்கி, இரண்டு பகல் அவளைத் தரையில் உட்காரவைத்தார்கள். பெட்டியைத் தொலைத்துவிட்டார்கள். அவனுக்குப் போர்த்த வாங்கிய வெள்ளை வேட்டி, சட்டை, ஜெபமாலை எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. கையில் மிச்சம் ஒரு மஞ்சள் துணிப்பை மட்டும்.

ஐந்தாம் முறைக்கு அவள் கால் எடுத்து வைத்தபோது ஒரு காவலர் வந்து தோளைத் தொட்டார்.

அழைத்துப்போன அறையில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஹால்வர் என்று சட்டையில் பெயர். பெரிய மீசை, பாதி செம்பட்டை, பாதி வெள்ளை. அவர் பேசப் பேச, மேசைமேல் இருந்த மொழிச்சில்லு அதைத் தமிழாக்கியது. அரசிதழ்களைப் படித்துத் தமிழ் கற்ற சில்லு போலிருந்தது.

"தாங்கள் இந்நாட்டினுள் நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே நுழைந்துள்ளீர். இன்றுவரை வெளியேறவில்லை."

"யாரு, நானா? நான் தூத்துக்குடிய விட்டுக் கிளம்பியே நாலு நாள்தான் சார் ஆவுது. பிளைட்டுல ஏறுனதே இதான் மொதத் தடவ."

ஹால்வர் திரையைத் திருப்பிக் காட்டினார். சற்றுமுன் எடுத்த படம். விமானத்திலிருந்து வரும் நடைபாதையில் கூரையை ஒட்டி ஒரு குழாய் தாழ்வாக ஓடுகிறது. உயரமான ஆண்கள் அதில் நெற்றியை இடித்துக்கொள்கிறார்கள். ஐந்தடி உயரமுள்ள சலேத் மேரி, தலைக்கு ஓரடி மேலே போகும் அந்தக் குழாய் வருவதற்கு முன்பே, தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். அடுத்த படிக்கட்டில் மூன்றாவது கல் ஆடும். அவள் கீழே பார்க்காமலே அதைத் தாண்டிக் கால் வைக்கிறாள்.

சலேத் மேரி திரையில் விரல் வைத்தாள்.

"அது நான் குனியல சார். அவுக குனிஞ்சாக."

சொல்லிப் புரியவைக்கக் கால்மணி நேரமானது. இன்னாசி இந்த ஊரில் இறங்கிய அன்று உணர்பதிவு அனுப்பியிருந்தான். வெளிநாடு போகும் ஆட்கள் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவதுபோல, அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் அனுப்பினார்கள். தலையில் ஒரு தொப்பி. அவன் கண்டது, கேட்டது, முகர்ந்தது, ருசித்தது, காலில் பட்டது எல்லாம் இருபத்து மூன்று நிமிடத்துக்குப் பதிவாகும். ஊரில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டால் அவளுக்கும் அதே காட்சி, அதே குளிர். "ஏ சலேத்து, இங்க காத்துகூடக் கடிக்குது பாத்துக்க" என்ற அவன் குரல் அவள் தொண்டையிலேயே அதிரும். சுரங்கம் இடிந்த பிறகு தினமும் காலையில் எழுந்ததும் அதைப் போட்டுக்கொண்டாள். ஆயிரம் தடவைக்கு மேல். வாயிலைச் செய்தவர்களுக்குத் தொப்பி தெரியாது. தொப்பியைச் செய்தவர்கள் வாயிலை நினைக்கவில்லை.

அதனால்தான் முதன்முதலாக ஒரு வெளிநாட்டில் கால் வைத்தும் அவளுக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. பனிகூடப் பழைய பனியாக இருந்தது. அது அவளுக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஹால்வர் கறுப்புக் காப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். உதட்டில் வைக்கும் முன்பே அதன் கசப்பு நாக்கில் வந்தது.

"வழி ஒன்று உண்டு," என்றது சில்லு. "அந்த இருபத்து மூன்று நிமிடங்களை நீக்கலாம். பத்து நிமிடச் சிகிச்சை. வலியில்லை. பின்னர் தாங்கள் புதியவராக நுழையலாம். மறுத்தால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுவீர்."

"அழிச்சிட்டா?"

"வீட்டில் பதிவு இருக்குமே. மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்."

"தொப்பி ரிப்பேராயி ஒரு வருசம் ஆச்சு சார். கம்பெனியும் மூடியாச்சு. இப்ப என் தலைக்குள்ள மட்டுந்தான் ஓடுது."

அந்தப் பதிவில் எல்லாமே அவன் கண் வழியாகத்தான் என்பதால் அவன் முகம் வராது. ஒரே ஒரு இடத்தில், கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது, ஒரு நொடி அதில் தெரியும். வழவழவென்று சவரம் செய்த முகம். பயணம் போகிறவன் பளிச்சென்று போக வேண்டும் என்று அன்று காலை அவள்தான் ரத்தம் வரும்வரை சிரைக்கச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆயிரம் தடவை. உடம்பு வேண்டுமென்றால் அதைக் கொடுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டால் உடம்பு கடலுக்குப் போகும்.

"உங்க வாயிலு நான் யாருன்னு சொல்லுது?" என்று திடீரென்று கேட்டாள்.

ஹால்வர் தயங்கினார். திரையைப் பார்த்துப் படித்தார். "பயணி இன்னாசி. கடலடி வெல்டர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொருத்தம்."

"அவுக செத்துட்டாகன்னு கடுதாசி போட்டது நீங்கதான?"

"ஆம்."

"இப்ப உசுரோட வந்து முன்னாடி உக்காந்திருக்காகன்னு சொல்லுததும் நீங்கதான?"

"வாயில் கூறுகிறது."

"வாயிலு பொய் சொல்லாதுன்னு பிளைட்டுல பாட்டாப் பாடுனீயளே! அப்ப நான்தான் இன்னாசி. வேல முடிஞ்சுபோச்சு, ஊருக்குப் போறேன். போறவன் அவன் சாமானக் கொண்டுபோலாமா, கூடாதா?"

"வெளியேறும் பயணி தன் உடைமைகளைக் கொண்டுசெல்லலாம்."

"என் உடம்பு உங்க கெடங்குல கெடக்கு. அத எடுத்துக் குடுங்க."

சில்லு அதை மொழிபெயர்க்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. கேட்டு முடித்ததும் ஹால்வர் விதிநூலை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். ஒருவன் தன் உடம்பைத் தானே எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. எழுதும் அவசியம் யாருக்கும் வந்திருக்காது.

பேனாவை எடுத்தவர் அதை வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"இன்னாசியை எனக்கு நினைவிருக்கிறது. கதவருகே வழுக்கி விழுந்தார். அன்று சிரித்தது நான்தான். பிறகு செய்தி கேட்டபோது வருத்தமாக இருந்தது."

"தெரியும் சார். ஆயிரம் தடவ சிரிச்சிருக்கீய."

அவர் கையெழுத்துப் போட்டார்.

கிடங்கில் அவளைத் தனியாக விட்டார்கள். மூன்றேகால் மணி. இழுப்பறையை அவளே இழுத்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கதவருகே நின்ற ஊழியரிடம் சவரக் கத்தி கிடைக்குமா என்று சைகையால் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை.

வெளிவாயில் அவளைப் பார்த்துப் பச்சை காட்டியது. "சென்று வாருங்கள், இன்னாசி," என்றது.

விமானத்தில் இருந்த பதினான்கு மணி நேரத்தில் அவள் தீர்மானித்துக்கொண்டாள். கிடங்கில் கண்டதை இனி நினைக்கக்கூடாது. யாரிடமும் சொல்லக்கூடாது. ஊரில் இறங்கியதும் முதல் வேலையாக, அத்தை சவப்பெட்டியைத் திறந்து மகன் முகத்தைப் பார்க்கும் முன், நாவிதரைக் கூப்பிட்டுச் சவரம் செய்துவிட வேண்டும்.

தூத்துக்குடியிலும் அதே வாயிலை வைத்திருந்தார்கள். திரும்பி வருபவரிடம் அது ஊரைக் கேட்காது, போய் வந்த நாட்டைக் கேட்கும். மஞ்சள் கைப்பிடி, ஈரக் கல்தரை, கண்ணாடிக் கதவு. சலேத் மேரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் மீன் எண்ணெய் வாடைக்கு மூளை துள்ளியது.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க." மேசையில் இருந்த பெண் முத்துக்கனி என்ற பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "இன்னாசி வந்தாச்சுன்னு காட்டுதுக்கா. கூட வந்த சாமானும் வந்தாச்சு. சலேத் மேரின்னு ஒருத்தவுக நாலஞ்சு நாளைக்கு முன்னாடி இங்கருந்து போயிருக்காக. அவுக இன்னும் திரும்பல."

"நான்தாம்மா அது."

"நீங்கதான்னு எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலயே. அது பச்ச காட்டாம உள்ள விட்டா என் வேல போயிரும்."

"வெளிய எங்க அத்த நிக்காக. அவுக மகனப் பாக்க நாலு வருசமா நிக்காக."

முத்துக்கனி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு செய்ங்க. அங்க நீங்க மட்டும் பாத்தது ஏதாவது இருக்கும்லா? அவுக பாக்காதது. அத நல்லா நெனச்சிக்கிட்டு நில்லுங்க. அப்ப நீங்கதான்னு எடுத்துக்கும்."

சலேத் மேரி வளைவுக்குள் நின்றாள். ஹால்வரை நினைத்தாள். சிவப்பு. அவர் மீசை பதிவிலும் உண்டு. காப்பியை நினைத்தாள். சிவப்பு. பனி, குழாய், ஆடும் கல். சிவப்பு, சிவப்பு. கிடங்கின் இரும்புக் கதவை நினைத்துப் பார்த்தாள். வாயில் அரைமனதாக மஞ்சள் காட்டி மறுபடி சிவந்தது. கதவோடு நின்றால் போதாது, உள்ளே போகச் சொன்னது.

கம்பித் தடுப்புக்கு அப்பால் அத்தை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், காணாமல் போயிருந்த சலேத் மேரியின் துணிப்பெட்டி. அது இவளுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது.

சலேத் மேரி மனதுக்குள் அந்த இழுப்பறையை இழுத்தாள்.

ஒரே நொடியில் பச்சை விழுந்தது. அவள் நினைத்த முகம் முத்துக்கனியின் திரையில் விழுந்தது.

"அக்கா... சொரங்கம் இடிஞ்ச ஒடனேயே எல்லாரும் முடிஞ்சிட்டாங்கன்னுதான நியூஸ்ல சொன்னாங்க?"

"ஆமா."

"இந்தத் தாடி..."

"இருவது நாள்," என்றாள் சலேத் மேரி. "அவுக தெனமும் சிரைச்சுட்டுத்தான் வேலைக்கு எறங்குவாக. அவுக தாடி வளர்ற கணக்கு எனக்குத் தெரியும். உள்ள உசுரோட இருந்திருக்காக. இருவது நாள் இருந்திருக்காக."

முத்துக்கனியின் விரல்கள் விசைப்பலகைக்கு மேல் நின்றன. ஒவ்வொரு பயணிக்கும் அடையாள நினைவு எது என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்பினால் அழிக்க முடியாது. அது எல்லா நாட்டு வாயில்களுக்கும் போய்விடும்.

"அக்கா, இனிமே எங்க போனாலும் ஒங்ககிட்ட இதத்தான் கேக்கும். என்ன எழுதட்டும்?"

சலேத் மேரி தடுப்புக்கு அப்பால் பார்த்தாள். சவப்பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். அத்தை அதை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். இனி நாவிதரைக் கூப்பிட நேரமில்லை. மற்ற பத்துப் பேருக்கும் வீடு இருந்தது, அங்கேயும் யாராவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"பாத்தத எழுதும்மா," என்றாள். "நாளக் கொறைக்காம எழுது."