அவளுக்கு ஒண்டும் விளங்காது

2011 நவம்பர், ஒரு ஞாயிறு. ரூ காய் தெருத் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு கோசலை வீடு திரும்பும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. லா சப்பல் மெத்ரோ ரயில் பாலத்தை ஒட்டிய பழைய கட்டடம். அவள் வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடிக் கலாவதி பையொன்றைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறிவந்தாள். செப்டெம்பரில் கணவர் தவரத்தினம் மாரடைப்பில் போனதிலிருந்து அவள்தான் கோசலைக்குத் துணை.

"வீடு விறைச்சுப்போய்க் கிடக்கு. இவர் கேக்கிற கசற்றைப் போடுவம்," என்றாள் கோசலை.

அது பழங்காலத்துப் பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவை நிகழ்ச்சி. கோசலை யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்த நாளில், தனியறையில் வானொலிக்கு முன்னால் றெக்கோடரை வைத்துப் பதிந்ததாகத் தவரத்தினம் சொல்லுவார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கேட்பார். கோசலைக்கு இங்கிலீஷ் தெரியாதென்று கதையை மட்டும் சொல்லியிருந்தார். ஒரு பிரபுவின் அலமாரிக்குள் யாரோ தட்டுகிறார்கள். பார்க்கப்போகும் வேலைக்காரன் திரும்புவதில்லை. அடுத்தவனை அனுப்புவார்கள், அவனும் திரும்பமாட்டான். ஒவ்வொரு தட்டலுக்கும் சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

"வேண்டாமக்கா," என்றாள் கலாவதி.

கோசலை பொத்தானை அழுத்தினாள்.

டொக். டொக்.

சபை சிரித்தது. அதைவிட மிக அருகில், தவரத்தினம் சிரித்தார்.

கூடவே ஒரு பெண்.

விக்கலைப்போல இழுபட்டு முடியும் சிரிப்பு. கோசலை அதைத் தினமும் கேட்கிறாள்.

"எங்களை இந்தக் கட்டடத்திலைதான் முதல் கண்டதெண்டு சொன்னனி?"

கலாவதி தலையை நிமிர்த்தவில்லை. "நிப்பாட்டுங்கோ அக்கா."

இருபது வருடம் இவளோடு ஒரே பானையில் சோறு. செத்தவீட்டில் இவள் கட்டிப்பிடித்து அழுததும் தனக்காக அல்ல. கோசலை பிளக்கைப் பிடுங்கினாள். நாடா நின்றது. சபை ஓய்ந்தது.

தவரத்தினம் ஓயவில்லை.

"கலா, பயப்பிடாதை," என்று கிசுகிசுத்தார். "அவளுக்கு ஒண்டும் விளங்காது."

கலாவதி படிகளில் விழுந்தடித்து ஓடினாள். கோசலை இருட்டுக்குள் அப்படியே இருந்தாள். கனவிலாவது வாங்கோ என்று இரண்டு மாதம் கெஞ்சியிருக்கிறாள். வந்தார். வந்தும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

கசற்றை நொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

வியாழன் பின்னேரம் கலாவதி வந்து கதவடியில் நின்றாள். கண்கள் குழி விழுந்திருந்தன. கையில் தன் வீட்டுத் திறப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒவ்வொரு ராவும் அவர் என்ரை வீட்டுக்கு வாறார். பூட்டிப்போட்டு வந்திட்டன். கும்பிட்டுக் கேக்கிறன் அக்கா, அவரை மேலை கூப்பிடுங்கோ."

"நான் கூப்பிட்டா அவர் வரமாட்டார்."

அந்தக் கட்டடத்தில் ஆளசைந்தால்தான் மாடி விளக்குகள் எரியும். கீழே முதலாம் மாடி விளக்கு எரிந்தது.

காலடிச் சத்தம் இல்லை.

இரண்டாம் மாடி விளக்கு எரிந்தது. கோசலை தன்னையறியாமல் கதவை அகலத் திறந்தாள்.

மூன்றாம் மாடிக்கு யாரும் ஏறிவரவில்லை.

கீழே, கலாவதி பூட்டிவிட்டு வந்த கதவு, உள்ளிருந்து மெல்லத் திறக்கும் சத்தம் கேட்டது.