பசித்த செல்கள்

செல் வளர்க்கும் அறை அடித்தளத்தின் கோடியில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று காலை பத்து மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது ஸ்பிரிட் வாடையும், அதற்கு அடியில் மங்கலான ஓர் இனிப்பு வாடையும் முகத்தில் அடித்தன. ஜன்னல் கிடையாது. மூலையில் செல் தட்டுகளை வைக்கும் இன்குபேட்டர், மனித உடம்பின் சூட்டில், ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் வேலையை விளக்கினார். செல் பெருக டி.என்.ஏ. வேண்டும், அதைக் கட்ட நியூக்ளியோடைடுகள் என்ற சின்னத் துண்டுகள் வேண்டும். ஊற்றுகிற சத்துநீரில் அதற்கான பொருள் இருந்தால் செல் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால், உள்ளே சிதறிக் கிடக்கும் நொதிகள் ஓரிடத்தில் கூடி, ஆரம்பத்திலிருந்து தாங்களே கட்டத் தொடங்கும். அந்த நொதிகளில் பச்சையாக ஒளிரும் பொருள் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அவை கூடினால் மைக்ராஸ்கோப்பில் புள்ளியாக மின்னும். பிறகு நொதியை முடக்கும் மருந்தை ஊற்றினால் செல் செத்துவிடும்.

“பட்டினி போடுறதுக்குச் சம்பளம் தர்ற வேலை இது ஒண்ணுதாம்மா” என்று சிரித்துவிட்டுப் போனார்.

உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியில் பெயர் இல்லை. நோயாளி எண் மட்டும் இருந்தது. ஏழு மாதம் மருத்துவமனைப் படிவங்களில் அவளே தன் கைப்பட எழுதிய எண்.

அக்காவின் எண்.

தொண்டையில் புற்று. அதிலிருந்து எடுத்த செல்கள்தான் குப்பியில். கடைசி நாட்களில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவள் கொடுக்கவில்லை. மூன்று வருடமாகியும் அந்தப் பிடி விடவில்லை.

அக்காவின் செல்கள் என்று சொன்னால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு செல்களைப் பட்டினி போட்டாள். மறுநாள் புள்ளிகள் மின்னின. மருந்தை ஊற்றினாள். மூன்று நாள் போயிற்று.

ஒன்றுகூடச் சாகவில்லை.

நான்காம் நாள் மதியம் இன்குபேட்டரைத் திறந்தாள். யாரோ மூச்சு விட்டதுபோல வெதுவெதுப்பான காற்று கன்னத்தில் பட்டது.

உள்ளே, வறண்ட தொண்டை எதையோ விழுங்கப் பார்க்கும் சத்தம்.

“பசிக்குதுடி.”

அக்காவின் குரல். எல்லாப் பொருளும் சேர்ந்த முழுச் சத்துநீரை ஊற்றினாள். பசி தீர்ந்தால் புள்ளிகள் கலைய வேண்டும், கலையவில்லை. மறுபடி ஊற்றினாள். “இந்தாக்கா. வேணும்ங்கற மட்டும் குடிச்சுக்கோ” என்று அழுதாள். எவ்வளவு ஊற்றினாலும் புள்ளிகள் பெருகினவே தவிரக் குறையவில்லை.

குரலைப் பற்றி மூச்சுவிடாமல், புள்ளிகளைப் பற்றி மட்டும் பேராசிரியரிடம் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கோ கை சுத்தமில்லாமல் போயிருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பி என்றார்.

திரும்பி வந்து, செல்கள் இருந்த தட்டை வெளியே எடுத்தாள்.

“மன்னிச்சிடுக்கா.”

ப்ளீச்சை ஊற்றினாள். செல்கள் சுருங்கி, உரிந்து, கழுவுதொட்டியின் வடிகுழாயோடு போயின. தட்டை மூன்று முறை கழுவித் துடைத்து, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள்.

ஒரு செல்கூட இல்லை.

புள்ளிகள் இருந்தன.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மெல்ல நகர்ந்து, ஒன்றையொன்று நெருங்கின. அந்த வெறும் தட்டில், எதை எடுத்து என்று தெரியவில்லை, எதையோ கட்ட ஆரம்பித்திருந்தன.