படிக்கட்டின் திருப்பம்

துடைத்த ஈரம் காயாத படியில் மறுபடியும் சேறு படிந்திருந்தது.

மூத்த மகள் எரிச்சலோடு துணியைப் பிழிந்தாள். காலையில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள் அனைவரையும் கீழேயே கால் கழுவ வைத்துத்தான் மேலே அனுப்பியிருந்தாள்.

"டேய், செருப்போட ஏறினியா?"

"சோபாவை விட்டே எந்திரிக்கலைக்கா," என்று உள்ளேயிருந்து தம்பி சலித்துக்கொண்டான். "இன்னிக்காவது குத்தம் கண்டுபிடிக்காம இரேன்!"

எப்படி இருப்பது? இறந்தவரின் கால்தான் முதலில் வாசலைத் தாண்டவேண்டும். தலை முன்னே போனால் கண் வீட்டையே பார்த்தபடி போகும், வழி மறக்காது என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. தொண்டை வறளச் சொல்லியிருந்தாள். ஆனால், படிக்கட்டின் குறுகிய திருப்பத்தில் சவப்பெட்டி சிக்கியதும், தூக்கியவர்கள் அதைத் தலை முன்னே வரும்படி திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"விடுக்கா, அப்பா என்ன, பஸ் புடிச்சா திரும்பி வரப்போறாரு?" என்று தம்பி அப்போதே கேலி செய்தான்.

அவளால் சிரிக்க முடியவில்லை. வாதத்தால் பேச்சும் அசைவும் இழந்து கிடக்கும் அம்மாவின் தலையை வருடியபடி, "உன்னைத் தனியா விட்டுட்டுப் போவேனா? கூட்டிட்டுத்தான் போவேன்," என்று அப்பா கடைசியாகச் சொன்னதை அவள் கேட்டிருந்தாள்.

குனிந்து பார்த்தாள். செருப்புத் தடமன்று, வெறுங்கால், விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. எல்லாத் தடங்களும் மேல்நோக்கியே சென்றன, இறங்கியது ஒன்றுமில்லை. அப்பா வழக்கமாக மூச்சு வாங்க நிற்கும் அந்தத் திருப்பத்தில் இரு பாதங்களும் அருகருகே ஆழமாகப் பதிந்திருக்க, புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடையும் அவருடைய தைலத்தின் நெடியும் கலந்து, காற்றே இல்லாத அவ்விடத்தில் அவள் முகத்தருகே கனத்து நின்றன.

இழுப்பு மூச்சு ஒன்று கேட்டது.

அவளைக் கடந்து மேலேறியது.

ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

"தம்பி! அம்மா ரூம் கதவைச் சாத்துடா!"

"ஐயோ, திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா!"

அவள் ஓடினாள். கால் வழுக்கியது. எழுந்தாள். ஓடினாள்.

கதவு திறந்திருந்தது.

இருவர் சேர்ந்து புரட்டினாலன்றி அசையாத அம்மா, சுவரோரமாக ஒதுக்கப்பட்டிருந்தாள். பக்கத்து வெற்றிடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.

அம்மாவின் கை தானாக உயர்ந்தது. விரலிடுக்குகளில் ஈரமண் பிதுங்கியது. தோள் தலையணையை விட்டு எழும்பியது. கண்கள் மட்டும், வரமாட்டேன் வரமாட்டேன் என்று, மகளைப் பற்றிக்கொண்டிருந்தன.